முகம் களவுபோன செவாலியே

முகத்தை மட்டும்தான் திருடியிருந்தார்கள்.

மற்றதெல்லாம் பத்திரமாக இருந்தது. நீல வெல்வெட் அங்கி, இடுப்பில் வாள், விரலில் சிவப்புக்கல் மோதிரம், காலடியில் வேட்டை நாய். கழுத்துக்கு மேலே மட்டும் முட்டை வடிவத்தில் ஓர் ஓட்டை. சுவரிலிருந்து இறக்கி இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே நிறுத்தியிருந்த அந்த ஆளுயர ஓவியத்தின் ஓட்டை வழியாக ஜன்னலும், அதற்கு வெளியே கரும்புக் காடும் தெரிந்தன. எஜமானின் முகம் இருந்த இடத்தை நாய் இன்னமும் விசுவாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தலை போற காரியம்னு கேள்விதான் பட்டிருக்கேன், பத்ரோன். இப்பத்தான் கண்ணால பாக்குறேன்" என்றாள் போலெட்.

துப்பறியும் சின்னன் ஓட்டையின் விளிம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். போர்ட் லூயி சுங்க இலாகாவில் பதினெட்டு வருடம் அடுத்தவர் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர் அவர். மனிதர்களைத் திறப்பது அதைவிடச் சுலபம், ஆணி பிடுங்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு வேலையை விட்டவர். அவரை 'பத்ரோன்', அதாவது முதலாளி, என்று அழைக்கும் போலெட் அவருடைய தட்டச்சாளர், கார் ஓட்டுநர். கேட்காமலே கருத்துச் சொல்லும் பதவியையும் தானாக எடுத்துக்கொண்டவள்.

1954, ஜூலை மாதத்துத் திங்கட்கிழமை. இடம், மொரிஷியஸ் தீவில் செமின் கிரனியேவுக்குப் பக்கத்தில் து லா வெர்னியேர் குடும்பத்தின் தோட்ட பங்களா.

"இது 1735-இல் பாரிசில் தீட்டப்பட்டது" என்றார் ஜெரார் து லா வெர்னியேர். ஐம்பது வயது, வெள்ளை லினன் சூட், கழுகு மூக்கு, தலையை விட்டு விலகி நிற்கும் காதுகள். "எங்கள் குலத்தின் முதல்வர், செவாலியே அந்துவான். வெள்ளிக்கிழமை பிரான்சிலிருந்து பாரன் பட்டமுள்ள பிரபு ஒருவர் வருகிறார். அவருடைய மகனுக்குத்தான் என் மகள் மொனிக்கைக் கொடுக்கிறோம். முகமில்லாத மூதாதையை நான் எப்படி அறிமுகப்படுத்துவேன்?"

"பின்பக்கமா திரும்பி நிக்குறார்னு சொல்லிடலாம்" என்றாள் போலெட் மெல்ல.

இன்ஸ்பெக்டர் டானியேல் தொண்டையைச் செருமினார். சின்னனுக்குப் பழைய நண்பர். அந்த உரிமையில்தான் அவரை உள்ளே விட்டிருந்தார். "வழக்கு முடிஞ்ச மாதிரிதான், சின்னன். மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் படத்தைச் சுத்தம் பண்ணினவன் கப்லானஸ்னு ஒரு லித்துவேனிய ஓவியன். நேத்து ஞாயித்துக்கிழமை எல்லாரும் சர்ச்சுக்குப் போன நேரத்துல வேலை நடந்திருக்கு. அவன் கத்தி இங்கயே கிடந்தது. ஆளைப் பிடிச்சாச்சு. புதன்கிழமை மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தறோம்."

கத்தியை நீட்டினார். வண்ணம் குழைக்கும் கத்தி. பிடியில் பெயரின் முதல் எழுத்துகள் செதுக்கியிருந்தன.

பக்கத்து மேஜையில் தேநீர்த் தட்டு இருந்தது. சின்னன் கத்தியை வாங்கி, வெண்ணெயில் ஒரு வழி வழித்து, ரொட்டித் துண்டில் பாந்தமாகத் தடவினார்.

"அது சாட்சிப் பொருள்!" என்று அலறினார் டானியேல்.

"வெண்ணெய் தடவுது பாருங்க. இப்ப இதே கத்தியால இந்த ரொட்டியை வெட்டிக் காட்டுங்க."

டானியேல் வெட்டிப் பார்த்தார். ரொட்டி நசுங்கியதே தவிர, அறுபடவில்லை.

"இதுக்கு முனையும் கிடையாது, கூரும் கிடையாது. ஆனா படத்துல வெட்டு எவ்வளவு சுத்தமா இருக்கு! சவரக் கத்தி வேலை. வந்தவன் மோதிரம் மாதிரி பளபளன்னு இருக்கிற தங்க முலாம் சட்டத்தைத் தொடல. தன் பேர் போட்ட மழுங்கக் கத்தியை மட்டும் மறக்காம வெச்சுட்டுப் போயிருக்கான். ரொம்ப ஒத்தாசையான திருடன்."

ஜெராரின் காதுகள் சிவந்தன. "காவல்துறையின் வேலையை ரொட்டி வைத்து முடிவு செய்ய முடியாது" என்றார்.

போலெட் அதற்குள் ஓவியத்தின் ஓட்டையில் மூக்கை நுழைத்திருந்தாள். வெளியே வந்ததும் அவள் முகம் மாறியிருந்தது. "பத்ரோன், இங்க வந்து மோந்து பாருங்க. பாரிசுல அந்தக் காலத்துலயே கறிவேப்பிலை தாளிச்சாங்களா?"

சின்னன் மோந்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார்.

*

காவல் நிலைய வாசலில் கோவிந்தம்மா காத்திருந்தாள். வக்குவா சந்தையில் காய்கறி விற்பவள். சின்னனை அமர்த்தியதே அவள்தான். அவள் வீட்டுப் பின்கட்டு அறையில்தான் ஓவியர் எட்டு வருடமாகக் குடியிருந்தார். கப்லானஸ் என்ற பெயர் அவள் வாயில் நிற்காமல் முதல் நாளே 'கப்பலண்ணன்' ஆகிவிட்டது. கப்பலில் வந்தவர்தானே என்று தெருவும் அதையே ஏற்றுக்கொண்டது.

"எங்க கப்பலண்ணன் ஈயைக்கூட அடிக்க மாட்டாரு, ஐயா. இந்த ஊரை விட்டே அனுப்பிடுவாங்களாமே? எங்க அனுப்புவாங்க?"

அது தீவின் அரசுச் செயலகத்துக்கே தெரியாது. லேய்பா கப்லானஸ் லித்துவேனியாவின் கௌனாஸ் நகரத்துக்காரர். பாரிசில் ஓவியம் படித்து, தங்கப் பதக்கம் வாங்கி, ஊருக்குத் திரும்பி இரண்டு கண்காட்சி வைத்தவர். போர் நெருங்கியதும் மற்ற யூத அகதிகளோடு கப்பலேறினார். பாலஸ்தீனத்தில் இறங்கவிருந்தவர்களைப் பிரிட்டிஷார் திருப்பி மொரிஷியசுக்கு அனுப்பினார்கள். போ பசான் சிறையில் ஐந்து வருடம் அடைபட்டுக் கிடந்தார். வெளியே வந்தபோது கௌனாசில் அவருக்கென்று ஒருவரும் உயிரோடு இல்லை. அந்த நாடே இன்னொரு நாட்டுக்குள் போய்விட்டிருந்தது. மற்றவர்கள் கப்பலேறிப் போக, அவர் இங்கேயே தங்கினார். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதினார். வக்குவா கோவிலுக்கு ஒரு மயில் தீட்டினார். அது அவருடைய ஊர் வாத்தைப் போலக் கொழுத்திருந்ததால் பக்தர்களுக்கு அதன்மேல் தனிப் பாசம். அதன் பிறகு எப்படியோ பெரிய வீடுகளில் 'பழைய படங்களைச் சுத்தம் செய்கிறவர்' ஆனார்.

காவல் நிலையக் கொட்டடிக்குள் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நரைத்த சிவப்புத் தாடி. கைகள் மடியில்.

"சுத்தம்தான் செய்தேன்" என்றார், பாரிஸ் பிரெஞ்சில்.

"எட்டு வருஷமா சுத்தம் பண்றீங்க. இந்தத் தீவுல அவ்வளவு பழைய படம் எங்கருந்து வந்துது?" என்றார் சின்னன்.

கப்லானஸ் மடியிலிருந்த கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"படத்தைக் கோவிந்தம்மா அடுப்புக்கு மேல எத்தனை வாரம் தொங்க விட்டீங்க?"

கப்லானஸ் திரும்பினார். "ஆறு வாரம்" என்றார் கடைசியில். "கடுந்தேநீர் இரண்டு பூச்சு. அதற்கு மேல் அடுப்புப் புகை. புதுப் படத்துக்கு இருநூறு வருடப் பழமை வந்துவிடும்."

"அடக் கடவுளே!" என்றாள் போலெட். "ஆக, இந்தத் தீவோட பழம்பெருங் குடும்பமெல்லாம் கோவிந்தம்மா சாம்பார்ல வெந்ததா?"

"முப்பத்தொரு பேர்" என்றார் அவர். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "ஆறு கப்பல் தளபதிகள், இரண்டு பிஷப்புகள், மற்றவர்கள் பிரபுக்கள். வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒன்றைச் சொன்னால் முப்பது வீடுகளில் சந்தேகம் வரும்."

"வாக்கைக் காப்பாத்துங்க. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. செவாலியேவுக்கு முகம் எங்க கிடைச்சுது?"

அவர் தாடியைத் தடவினார். "காலை ஏழரைக்கு வக்குவாவில் போர்ட் லூயி பஸ் ஏறுங்கள். நீங்கள் தேட வேண்டாம். முகமே உங்களிடம் வந்து கை நீட்டும்."

*

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் நிற்க இடமில்லை. குமாஸ்தாக்கள், ஆசிரியைகள், கோழிக்கூடையோடு ஒரு கிழவர். போலெட் வடைப் பொட்டலத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு விஷயம் யோசிச்சுப் பாத்தியா?" என்றார் சின்னன். "அந்த முகம் மூணு வருஷம் சுவத்துல இருந்திருக்கு. யாருக்கும் உறுத்தல. திடீர்னு போன வாரம் ஏன் உறுத்தணும்?"

"டிக்கெட், டிக்கெட்!" கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு கை நீண்டது.

சின்னன் நிமிர்ந்தார். சில்லறையை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

போலெட்தான் முதலில் மூச்சு விட்டாள். "பத்ரோன், மிஸ்யே ஜெரார் எப்ப பஸ் வேலைக்குச் சேர்ந்தார்?"

அதே கழுகு மூக்கு. அதே விலகிய காதுகள். நடுவில் ஏறி இறங்கும் அதே புருவம். நிறம் மட்டும் நான்கு படி கூடுதல் கறுப்பு. கண்டக்டர் தொப்பிக்குக் கீழே து லா வெர்னியேர் வம்சம் சிரித்துக்கொண்டு நின்றது.

"பேர் என்னங்க?"

"வேலாயுதன். டிப்போவுல 'வலாய்தோன்'னு எழுதியிருக்காங்க. ரெண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன்."

"போன வாரம் இந்த பஸ்ல பணக்கார வெள்ளைச் சூட்டு ஒண்ணு ஏறுச்சா?"

வேலாயுதன் கண்கள் அகன்றன. "உங்களுக்கு எப்படித் தெரியும்? வியாழக்கிழமை. அவர் கார் வக்குவாவுல நின்னு போச்சு. பஸ் ஏறிப் பழக்கமில்ல போல, முன்சீட்டுல ஒரு அம்மாவை எழுப்பிட்டு உக்காந்தாரு. டிக்கெட் கேட்டேன். என்னைப் பாத்தாரு. மேலயும் கீழயும் பாத்தாரு. முகம் சுண்ணாம்பா வெளுத்துப் போச்சு. போ பசான் வர்றதுக்குள்ள மணியடிச்சு, இறங்கி ஓடிட்டாரு. எனக்கு ஏதாவது வியாதியான்னு அன்னிக்குச் சாயங்காலமே டாக்டர்கிட்டப் போய்ட்டேன்."

சின்னன் வடையை ஒரு கடி கடித்தார்.

"பணக்காரங்க பஸ் ஏற மாட்டாங்க. பஸ் ஏறுறவங்களை அந்த பங்களாவுக்குள்ள விட மாட்டாங்க. அதான் மூணு வருஷம் முகம் தப்பிச்சுது. கார் நின்ன அன்னிக்கு ரெண்டு உலகமும் ஒரே சீட்டுல உக்காந்துடுச்சு."

"தன் படத்தைத் தானே அறுத்தாரா? கண்டக்டர் மாதிரி இருக்குன்னா சிரிச்சுட்டுப் போக வேண்டியதுதானே?" என்றாள் போலெட்.

"அதைத்தான் நானும் கேக்கப் போறேன். வேலாயுதன், மத்தியானம் உங்களுக்கு ஓய்வா?"

*

அன்று மாலை நான்கு மணிக்கு பங்களா வரவேற்பறையில் ஆறு பேர் கூடினார்கள். டானியேல், கப்லானசைக் கைவிலங்கோடு கூட்டி வந்திருந்தார். ஜெராரின் மனைவி ஜெனெவியேவ், விருந்துக்கான கைத்துணிகளை எண்ணிக்கொண்டே வந்து சோபாவில் உட்கார்ந்தார். வேலாயுதனை மட்டும் போலெட் தோட்டத்துப் பக்கத்துக் கதவருகே நிறுத்தி வைத்திருந்தாள்.

"காணாமப் போன முகத்தைக் கொண்டு வந்திருக்கேன்" என்றார் சின்னன்.

ஜெரார் துள்ளி எழுந்தார். "முடியாது! அது…" என்று ஆரம்பித்தவர், அலமாரியின் பக்கம் போன பார்வையை அவசரமாக இழுத்துக்கொண்டார்.

அலமாரியை போலெட் பார்த்துக்கொண்டாள்.

"வேலாயுதன், அந்தப் படத்துக்குப் பின்னாடி போய் நில்லுங்க. கொஞ்சம் குனியணும். இன்னும் கொஞ்சம். ம், அவ்வளவுதான்."

ஓட்டை நிறைந்தது. நீல வெல்வெட்டுக்கு மேலே, வாளுக்கு மேலே, செவாலியே அந்துவான் து லா வெர்னியேர் கண் சிமிட்டினார். "பொன்ஜூர்" என்றார்.

ஜெனெவியேவ் ஓவியத்தைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். மறுபடி ஓவியத்தைப் பார்த்தார். கைத்துணிகள் மடியிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிந்தன. டானியேல் தன்னை அறியாமல் தொப்பியைக் கழற்றினார்.

ஜெரார் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கப்லானசிடம் போனார். "உன்னிடம் யார் சொன்னது?"

"எதை, மிஸ்யே?"

"நடிக்காதே! மூன்று வருடமாக என் வீட்டுச் சுவரிலேயே என்னைக் கேலி செய்திருக்கிறாய். யார் சொன்னது?"

"யாரும் எதையும் சொல்லவில்லை" என்றார் கப்லானஸ். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "குடும்பச் சாடை வேண்டும் என்றீர்கள். உங்கள் மூக்கை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் பஸ்ஸில் தேடினேன். இவர் கிடைத்தார்."

"வெறும் மூக்கா?"

"காதும்."

ஜெரார் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஜெரார்" என்றார் ஜெனெவியேவ். "யார் எதைச் சொன்னதாக நினைத்தீர்கள்?"

ஜெரார் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்தில் பத்து வயது கூடியிருந்தது. "அப்பா சாவதற்கு முந்தின நாள் சொன்னார்" என்றார் தரையைப் பார்த்தபடி. "செவாலியே என்று ஒருவரும் இல்லை. முதலில் வந்தவன் ஒரு கொத்தன். துறைமுகத்தில் சுவர் கட்டப் புதுச்சேரியிலிருந்து கூட்டி வந்த ஆள். பெயர் வீரணன். பதிவேட்டில் அதை 'வெரனான்' என்று எழுதிவிட்டார்கள். மகன் காலத்தில் வெர்னான். பேரன் சர்ச்சில் கல்யாணம் செய்தபோது வெர்னியேர்."

"'து லா'ங்கிற பிரபுப் பட்டம் எப்ப வந்துது?" என்றாள் போலெட்.

"தாத்தா காலத்தில். சர்க்கரை விலை ஏறிய வருடம்."

ஓவியம் பேசியது. "என் பேரையும்தான் மாத்தி எழுதினாங்க, மிஸ்யே. அதுக்காக நான் யார் கழுத்தையும் அறுக்கல."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று டானியேல் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"ஐயோ, இல்லீங்க. எங்க கொள்ளுத்தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்துலருந்து கரும்பு வெட்ட வந்தவரு. எங்க வீட்டுல ஒருத்தருக்கும் செங்கல்லை நேரா வெக்கத் தெரியாது."

ஜெரார் தலை நிமிர்ந்தார். "சொந்தம்கூட இல்லையா?" என்று அவர் கேட்ட தொனியில் நிம்மதி இருந்ததா, ஏமாற்றம் இருந்ததா என்று சொல்வது கஷ்டம்.

"உங்க ரகசியத்தைத் தேடி யாருமே வரல, மிஸ்யே" என்றார் சின்னன். "ஒரு மூக்கைப் பாத்து நீங்களா பயந்து, நீங்களா அறுத்து, படம் மாட்ட வந்த அன்னிக்கு அவர் இங்க மறந்து வெச்சுட்டுப் போன கத்தியை எடுத்துப் போட்டு, போலீசையும் கூப்பிட்டீங்க. இல்லேன்னா இந்தப் படம் இன்னும் நூறு வருஷம் செவாலியேவாவே இருந்திருக்கும்."

போலெட் அலமாரியைத் திறந்தாள். பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் மடிக்காமல், கசங்காமல், இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே முகம் இருந்தது.

"எரிக்கத்தான் எடுத்துப் போனேன்" என்றார் ஜெரார். "தீக்குச்சியும் கிழித்துவிட்டேன். முடியவில்லை. பார்த்தால் அப்பாவைப் போலவே இருந்தது."

யாரும் சிரிக்கவில்லை. ஜெனெவியேவ் எழுந்து வந்து அந்த முகத்தைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இருபத்தைந்து வருடமாக அந்த மூக்கு பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தது என்று என்னை நம்ப வைத்தீர்களே" என்றார். "எனக்கு அப்போதே சந்தேகம். நார்மண்டியில் இவ்வளவு அழகான மூக்குக் கிடையாது."

டானியேல் விலங்கைக் கழற்றினார். "புகாரை வாபஸ் வாங்கிக்கிறீங்களா, மிஸ்யே?"

"வாபஸ் போதாது" என்றார் சின்னன். "அவரை நாடு கடத்தச் செயலகத்துல கோப்பு ஓடிட்டிருக்கு. புகார் பொய்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும்."

ஜெரார் எழுதினார். எழுதி முடித்து, கப்லானசின் முன்னால் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் இரண்டு முறை திறந்து மூடியது. "வெள்ளிக்கிழமைக்குள் அதை ஒட்ட முடியுமா?" என்றுதான் கடைசியில் வந்தது.

கப்லானஸ் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "பதினான்கு வருடத்தில் என்னை இரண்டு முறை அடைத்தார்கள். இரண்டு முறையும் நான் என்ன செய்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. இவர்தான் கேட்டார், அதுவும் ரொட்டியிடமாம்." சின்னனைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். பிறகு ஜெராரிடம் திரும்பினார். "ஒட்டித் தருகிறேன். ஆனால் கீழே என் பெயரை எழுதுவேன்."

"1735-ஆம் வருடத்துப் படத்தில் உங்கள் பெயரா?"

"வருடத்தையும் சரியாகப் போட்டுவிடுகிறேன்."

ஜெரார் மனைவியைப் பார்த்தார். ஜெனெவியேவ் கீழே விழுந்த கைத்துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "எழுதட்டும்" என்றார் நிமிராமல். "வெள்ளிக்கிழமை அவரும் நம்மோடு சாப்பிடுவார். துப்பறிகிறவரும், இன்ஸ்பெக்டரும், இந்த வாயாடிப் பெண்ணும்கூட."

*

வெள்ளிக்கிழமை விருந்தில் செவாலியே சுவருக்குத் திரும்பியிருந்தார். கழுத்தைச் சுற்றி மெல்லிய கோடு தெரிந்தது. ஆங்கிலேயரோடு நடந்த சண்டையில் பட்ட காயம் என்று டானியேல் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். அது அவருடைய சொந்தக் கற்பனை.

பாரன் எழுபது வயதுக்காரர். சூப்பு வருவதற்குள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து ஓவியத்தின் அருகே போனார். அங்கியைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். கீழ் மூலைக்குக் குனிந்தார்.

"கப்லானஸ், 1951" என்று உரக்கப் படித்தார்.

மேஜையில் கரண்டிகள் நின்றன. ஜெரார் கண்களை மூடிக்கொண்டார். மொனிக் அம்மாவின் கையைப் பற்றினாள்.

பாரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ஓவியர் உயிரோடு இருக்கிறாரா?"

"இதோ, உங்கள் எதிர் நாற்காலியில்தான்" என்றார் ஜெனெவியேவ்.

பாரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கப்லானசுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார், ஆனால் காது மந்தமானவர்களின் தாழ்ந்த குரல் அது. சமையல்கட்டு வரை கேட்டது. "எங்கள் மாளிகையில் இரண்டு சுவர்கள் காலி. எப்போதுமே காலிதான். ஒரு கர்தினால் வேண்டும். முடிந்தால் சிலுவைப் போருக்குப் போன ஒருவர். செய்து தருவீர்களா?"

போலெட் கைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டாள். ஜெரார் ஒரு கண்ணைத் திறந்தார்.

"தருகிறேன், ஆனால் இந்த வருடம் முடியாது" என்றார் கப்லானஸ். "கௌனாஸ் குடும்பம் ஒன்றைத் தீட்ட எடுத்திருக்கிறேன். அப்பா, அம்மா, இரண்டு சகோதரிகள். அவர்களை முடித்துவிட்டுத்தான் மற்றவர்கள்."

"பழைய குடும்பமா?"

"மிகவும் பழைய குடும்பம்" என்றார் அவர். "இப்போது நான் ஒருவன்தான் மிச்சம்."

பாரன் தட்டை அவர் பக்கம் நகர்த்தி, சூப்பைத் தன் கையாலேயே ஊற்றினார்.